கிழக்கின் கடைசிப் பிரதிநிதி

அந்த மாநிலத்துக்கு வாஷிங்டன் பிரதிநிதிகள் சபையில் இரண்டு நாற்காலிகள் இருந்தவரை யாருக்கும் யாரோடும் வம்பில்லை. மேற்கே மலைக்காரர்கள் தங்களுக்குப் பிடித்த ஒருவரை அனுப்பினார்கள். கிழக்கே கோதுமைக்காரர்களும் மாட்டுக்காரர்களும் தங்களுக்குப் பிடிக்காத ஒருவரைப் பொறுத்துக்கொண்டு அனுப்பினார்கள். கிழக்கின் முதல் பிரதிநிதி ரயிலின் கடைசிப் பெட்டியில் நின்றபடியே ஓட்டுக் கேட்டார். ஒரு ஸ்டேஷனிலும் இறங்கவில்லை, ஜெயித்தார். அடுத்தவர் வறட்சிக் காலத்தில் விதைக் கோதுமை வாங்கித் தருவதாகச் சொல்லி ஜெயித்தார். விதை வந்து சேர்ந்தபோது மழை வந்து போயிருந்தது. அதற்கடுத்தவர் செத்த பிறகும் ஒருமுறை ஜெயித்தார், ஓட்டுச்சீட்டில் பெயரை மாற்ற அவகாசமில்லாததால். அவர் உயிரோடிருந்த காலத்தைவிட அந்த ஒரு முறைதான் யாருக்கும் தொந்தரவில்லாமல் இருந்தார் என்று இன்றைக்கும் சொல்வார்கள்.

ஆள் எப்படியிருந்தால் என்ன, நாற்காலி கிழக்கினுடையது. பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. கிழக்கில் பிள்ளைகள் பள்ளியை முடித்த கையோடு பஸ் ஏறிப் போய்க்கொண்டிருந்ததை எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். வாஷிங்டனும் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. இனி மாநிலம் முழுவதற்கும் ஒரே நாற்காலி என்று அறிவிப்பு வந்தது. கிழக்கின் மெரில் ஸ்ட்ரோமும் மேற்கின் கார்சன் டீக்கும் அந்த ஒன்றுக்காக மோதவேண்டும்.

கெஸ்லர் என்ற சின்ன ஊரில், முடிதிருத்தும் கடைக்குப் பக்கத்தில், ஒரே அறையில் ஸ்ட்ரோமின் அலுவலகம் இருந்தது. அதை நடத்தியவள் ஆர்டிஸ் ஹால்வர்சன். விதவை. பிள்ளைகள் இரண்டும் பஸ் ஏறிப் போன கூட்டத்தில் சேர்ந்தவர்கள். நின்றுபோன ஓய்வூதியம், வராத காசோலை, அப்பா சாகக் கிடக்கும்போது ராணுவத்திலிருக்கும் மகனுக்கு விடுப்பு, எல்லாவற்றுக்கும் ஜனங்கள் அவளிடம்தான் வருவார்கள். அவள் போனை எடுத்து, "பிரதிநிதி ஸ்ட்ரோம் அலுவலகத்திலிருந்து பேசுகிறேன்" என்பாள். அந்த ஒரு வாக்கியத்துக்கு எந்த இலாகாவிலும் கதவு திறக்கும்.

அலுவலகத்துக்குள் ஓட்டுப் பேச்சு கூடாது என்பது சட்டம். ஆர்டிஸ் அதைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றினாள். சட்டம் இல்லாவிட்டாலும் காப்பாற்றியிருப்பாள். செய்த உதவியைச் சொல்லிக்காட்டுவது அந்தப் பக்கத்தில் அடுத்தவன் வேலியை வெட்டுவதற்குச் சமம். அடுத்தவனிடம் யாருக்கு ஓட்டு என்று கேட்பதும் அதே ரகம். பல்லைக் கடித்துக்கொண்டு மரியாதையாக இருப்பதில் அந்த ஜனங்களை அடிக்க ஆளில்லை. அந்த மரியாதை எத்தனை குடும்பங்களை விழுங்கியிருக்கிறது என்று யாராவது எழுதிவைத்தால் தேவலை.

அந்த வருஷம் ஆர்டிஸின் மனதை அரித்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு விஷயம்: எமில் ராட்கேயின் நுரையீரல். எமில் மாட்டுக் குட்டையைத் தவிர வேறு தண்ணீரைப் பார்த்திராத வயதில் கப்பற்படையில் சேர்ந்தவர். பாய்லர் அறையில் நான்கு வருஷம், குழாய்களுக்குச் சுற்றிய ஆஸ்பெஸ்டாஸின் வெள்ளைத் தூசியைச் சுவாசித்துவிட்டு வந்தார். இப்போது ஆக்ஸிஜன் சிலிண்டரைக் கன்றுக்குட்டியைப் போல இழுத்துக்கொண்டு நடக்கிறார். நோய்க்கும் கப்பலுக்கும் சம்பந்தமில்லை என்று முன்னாள் படைவீரர் இலாகா இருமுறை கைவிரித்துவிட்டது. ஸ்ட்ரோம் பெயரைச் சொல்லி மல்லுக்கட்டி, பிப்ரவரியில் மறுவிசாரணைக்கு ஆர்டிஸ் நாள் வாங்கியிருந்தாள். கோடையைப் பார்ப்பது சந்தேகம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். விசாரணையில் ஜெயித்தால் அவருக்குப் பின் மனைவி லியோனாவுக்குப் பணம் வரும், நிலமும் மிஞ்சும். அதற்கு முன்பே அவர் போய்விட்டால் ஒன்றுமில்லை. லியோனாவும் ஆர்டிஸும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள்.

தேர்தலுக்கு முந்தைய சனிக்கிழமை லூதரன் சர்ச்சில் லூட்டஃபிஸ்க் விருந்து. தட்டில் வைத்தால் தளதளவென்று ஆடும் அந்த மீனை வருஷத்துக்கொரு முறை வெண்ணெயில் முக்கித் தின்றுவிட்டு, ஆகா என்பார்கள். ஆர்டிஸ் உருளைக்கிழங்கு பரிமாறிக்கொண்டிருந்தபோது, தானியக் கிடங்கு நடத்தும் ஹார்லன் வோல்ட் கையை நீட்டித் தடுத்தான்.

"போதும் ஆர்டிஸ். இந்தத் தடவ உன் ஆள வீட்டுக்கு அனுப்பப்போறோம், கோவிச்சுக்காத."

"கோவமென்ன. உன் ஓட்டு, உன் இஷ்டம்."

"தூங்கித் தூங்கி விழறான்யா அவன். தனக்குத்தானே சம்பளத்த வேற ஏத்திக்கிட்டான். என்கிட்ட வேலை பாக்கறவன் அப்படிச் செஞ்சா அன்னிக்கே கணக்கத் தீத்துருவேன். டீக் வந்தா என்ன, எவன் வந்தா என்ன? நமக்குத்தான் நீ இருக்கியே."

மேசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். ஆர்டிஸுக்கு அப்போதுதான் விளங்கியது. இவர்கள் ஸ்ட்ரோமைத்தான் வேண்டாமென்கிறார்கள். முடிதிருத்தும் கடைக்குப் பக்கத்து அறையை மழை, காற்று மாதிரி ஊரோடு பிறந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆள் போனால் அறையும் போகும், போனும் போகும், அந்த ஒரு வாக்கியமும் போகும் என்பது இவர்களுக்குத் தெரியவே தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டது வேறு யாருமில்லை, அவள்தான். இத்தனை வருஷம் ஒவ்வொரு வேலையும் முடியும்போது, "நான் என்ன பண்ணேன், தானா நடந்துச்சு" என்று சொல்லி அனுப்பியவள் அவள்.

சமையலறையில் லியோனா தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஆர்டிஸ் கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் போய் நின்றாள்.

"லியோனா, ஸ்ட்ரோம் தோத்துட்டா என் ஆபீஸ் இருக்காது. அத மூடிருவாங்க."

லியோனா ஈரக்கையோடு திரும்பினாள். முகம் அப்படியே உருகிவிட்டது. "அடிப் பாவி, இதையா இத்தன நாளா மனசுல வெச்சுக்கிட்டுப் புழுங்கிட்டிருந்த? வேலை போயிருமேன்னுதானே?"

"அதில்ல, நான் சொல்ல வந்தது..."

"ஹார்லன்கிட்ட நான் பேசறேன். கெடங்குல கணக்குப் பாக்க ஆள் தேடிட்டுத்தான் இருக்கான். ஏய், இதுல வெக்கப்பட என்னடி இருக்கு?"

கதவு திறந்து இரண்டு பெண்கள் உள்ளே வந்தார்கள். ஒருத்தி லியோனாவின் முகத்தைப் பார்த்தாள், ஆர்டிஸின் முகத்தைப் பார்த்தாள், நாசூக்காகப் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். தன் பிழைப்புக்காக ஓட்டுக் கேட்கிறாள் என்று ஆகிவிட்டது. ஆர்டிஸுக்கு முகமெல்லாம் சுட்டது. உன் புருஷனுடைய விசாரணை போய்விடும் என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. மற்றவர்கள் முன்னால் அதைச் சொன்னால், செய்த உதவியைக் காட்டி ஓட்டுப் பறிப்பதாகும். வாயை மூடிக்கொண்டு ஒரு துணியை எடுத்துத் தட்டுகளைத் துடைத்தாள். ஞாயிறும் திங்களும் லியோனா வீட்டுக்குப் போன் செய்ய நினைத்து, நினைத்து, செய்யாமலே இருந்தாள். மானம் என்ற பெயரில் மனிதர்கள் எதையெல்லாம் சுமக்கிறார்கள்.

தேர்தலன்று விடியும்போதே பனி கொட்டிக்கொண்டிருந்தது. நடக்கமுடியாதவர்களை ஒவ்வொரு தேர்தலுக்கும் ஆர்டிஸ்தான் வண்டியில் ஓட்டுச்சாவடிக்குக் கூட்டிப்போவாள். யார் யாருக்குப் போடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும், எமில் இந்தத் தடவை டீக்குக்குத்தான் என்பதும். ஒருநாளும் அதைப் பார்த்து ஆள் ஏற்றியதில்லை. சர்ச்சில்தான் சாவடி, லியோனா அங்கே பெயர் சரிபார்க்கும் வேலைக்குக் காலையிலேயே போய்விட்டாள். எமில் வீட்டுக்குப் போகும் மண்சாலையில் பனி குவிந்திருந்தது. சாலை அடைத்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆர்டிஸ் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றாள்.

போன் அடித்தது.

"என்னம்மா, வரியா, இல்ல நான் சிலிண்டர் மேல ஏறி ஓட்டிட்டு வரட்டுமா?"

"வரேன் எமில். கோட்டு மாட்டிக்குங்க."

பிக்கப் வண்டி இருமுறை பனியில் மாட்டி மீண்டது. அவரை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலைக்கு வந்தபிறகு, வாழ்க்கையில் முதல்தடவையாக, செய்த உதவியை வைத்து ஓட்டுப் பேசக்கூடாது என்ற விதியை அவள் உடைத்தாள்.

"எமில், ஒண்ணு சொல்லணும்."

"சொல்லேன். மூச்சுக்குக் கஷ்டம் எனக்குத்தானே, உனக்கென்ன."

"ஸ்ட்ரோம் தோத்தா பிப்ரவரி விசாரணை நடக்காது. அது அந்தாளு பேரச் சொல்லி வாங்கின நாள். அவர் போனா அதுவும் போயிரும். மறுபடியும் மொதல்ல இருந்து."

வைப்பர் இரண்டு பக்கமும் போய் வந்தது. எமில் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

"ஆமா."

"பாய்லர் ரூம்ல வேலை பாத்தவன்மா நான். எந்தக் குழாய் எதுல மாட்டியிருக்குன்னு பாக்காம இருப்பேனா?"

"அப்புறம் ஏன் எமில்? அந்த டீக் உங்களுக்கு என்ன பண்ணான்?"

"ஒண்ணும் பண்ணல. பண்ணவும் மாட்டான். ஆனா ஸ்ட்ரோம் தன் சம்பளத்தத் தானே ஏத்திக்கிட்டது தப்பு. நீ வேற, அவன் வேற. எனக்கு ஒரு காரியம் ஆகணும்னு அவனுக்குப் போட்டா, அதுக்குப் பேரு என்ன, சொல்லு பாப்போம்."

"பொழைக்கறதுன்னு பேரு."

எமில் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், அவர் முகம் நீலமாகிவிட்டது. ஆர்டிஸ் வண்டியை ஓரங்கட்டி அவர் முதுகைத் தடவிவிட்டாள். மூச்சு திரும்பியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "லியோனாவுக்கு இது தெரியக்கூடாது. எனக்குத் தெரியும்ங்கறது தெரியவே கூடாது. செத்தப்புறமும். சரியா?"

"அவளுக்குத்தானே எமில் அந்தப் பணம்."

"அதனாலதான் சொல்றேன். வாக்குக் குடு."

அவள் கொடுத்தாள். சர்ச் படிகளில் அவரைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டாள். மேசைக்குப் பின்னாலிருந்து லியோனா புருஷனைப் பார்த்துச் சிரித்து, "பேரு என்ன சார்?" என்று கேட்டாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எமில் திரைக்குப் பின்னால் போனார், நின்றுகொண்டேதான் போட்டார். நாற்காலி வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

அன்றிரவு ரேடியோவில் கேட்க அதிகமாக ஒன்றுமில்லை. மேற்கே ஒரு நகரத்தின் ஓட்டே கிழக்கு முழுவதையும் விழுங்கிவிட்டது. எமிலைப் போல ஆயிரம் பேர் மாற்றிப் போட்டிருந்தாலும் ஸ்ட்ரோம் தேறியிருக்கமாட்டார். ஆர்டிஸுக்கு அது ஆறுதலாக இருந்திருக்கவேண்டும். ஆனால் கெஸ்லரே ஸ்ட்ரோமைத் தோற்கடித்திருந்தது, அவள் உதவி செய்யாத வீடு ஒன்றுகூட இல்லாத கெஸ்லர். அடுத்த நாள் ஸ்ட்ரோம் போன் செய்து, நல்லா வேலை பாத்தே என்றார். அவருக்கு வாஷிங்டனிலேயே ஏதோ கம்பெனியில் இடம் தயாராக இருந்தது. அப்படிப்பட்டவர்கள் விழுவது எப்போதும் மெத்தையில்தான்.

இருந்தும் ஆர்டிஸ் டிசம்பர் முழுவதும் இலாகாவோடு முட்டிக்கொண்டாள். பதவியை விட்டுப் போகிறவர் கேட்ட விசாரணை ரத்து, அவ்வளவுதான் பதில். டீக்கின் அலுவலகம் மலைகளுக்கு அப்பால் இருந்தது. அங்கே போனை எடுத்த பெண் நல்ல மாதிரியாகத்தான் பேசினாள். புது மனு, புது வரிசை, அடுத்த குளிர்காலத்துக்குள் பார்க்கலாம் என்றாள். அடுத்த குளிர்காலம் என்று அவள் சொன்ன தொனியில், எல்லோருக்கும் ஒரு அடுத்த குளிர்காலம் உண்டு என்ற நம்பிக்கை இருந்தது.

ஜனவரியில் அறையைக் காலி செய்யும் நாளில் லியோனா வந்தாள். மேசையும் போனும் போய்விட்டிருந்தன. சுவரில் கொடி இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

"பிப்ரவரிக்கு அவர எப்படிக் கூட்டிட்டுப் போறதுன்னு கேக்க வந்தேன்," என்றாள். "இப்ப கட்டில விட்டே எறங்க முடியல. வண்டியில படுக்க வெச்சுத்தான்..."

"விசாரணை இல்ல லியோனா. ரத்து பண்ணிட்டாங்க."

"ஏன்?"

ஆர்டிஸ் சொன்னாள். ஸ்ட்ரோமோடு விசாரணையும் போன கதை முழுவதையும் சொன்னாள். லியோனா கோட்டுப் பொத்தானைத் திருகியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு சமையலறையில நீ சொல்ல வந்தது இதுதானா?"

"ஆமா."

"அவருக்கு இது தெரியுமா?"

ஆர்டிஸ் அந்த வெளுத்த சுவரைப் பார்த்தாள். "தெரியாது," என்றாள்.

"தெரிஞ்சா போட்டிருப்பாரா? தன் கையாலேயே..." லியோனாவின் குரல் உடைந்தது. "நீதானே அவரக் கூட்டிட்டு வந்த. அந்தப் பனியில. வழி முழுக்க நீங்க ரெண்டு பேரு மட்டும்தானே வண்டியில. ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொல்லல."

"என் எதிர்ல கொண்டுவந்து நிறுத்தின. நான் சிரிச்சுப் பேரு கேட்டேன். நீ பாத்துட்டு நின்ன."

"ஆமா."

"கத்தியிருக்கணும்டி நீ. சர்ச்சுலயே, அத்தன பேரு நடுவுல, கையில இருந்த தட்டத் தூக்கிப் போட்டு ஒடச்சுட்டுக் கத்தியிருக்கணும். உன்னப் பைத்தியம்னு சொல்லியிருப்போம். சொன்னா என்ன? சொல்லிட்டுப் போறோம்."

லியோனா குல்லாவைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். கதவைத் திறந்ததும் குளிர் உள்ளே பாய்ந்தது. வாசலில் நின்றபடி, திரும்பாமல், கத்தாமல், அந்த ஊர் ஜனங்கள் எப்போதும் பேசும் அதே அடங்கிய குரலில் சொன்னாள்.

"அவர் போனதும் சேதி வரும். அடக்கத்துக்கு நீ வராத."

"சரி," என்றாள் ஆர்டிஸ்.