அசைந்தால் எடுக்கும் படம்

அப்பாவின் உடலைக் குளிப்பாட்ட எடுத்த குடத்தை ஜெயராணி பாதி வழியிலேயே இறக்கி வைத்தாள். கோழிக்கூண்டுக்குப் பின்னாலிருந்து ஜெகநாதன் கையசைத்துக் கூப்பிட்டார். அந்தமானின் திக்லிபூர் காட்டில், மிருகங்களைப் படமெடுக்க அப்பாவோடு மரத்துக்கு மரம் கேமரா கட்டுகிறவர்.

"ஆபீஸ்ல குடுக்கறதுக்கு முன்னாடி நீ பாத்துடு பேட்டி. ஒங்கப்பன் விழுந்த எடத்துல இருந்த கேமரா, படத்தையெல்லாம் போன்ல ஏத்திருக்கேன். எனக்கு முழுசாப் பாக்க முடியல."

அவளை எப்போதும் இந்தியில் 'பேட்டி', மகளே, என்றுதான் கூப்பிடும் மனுஷன், போனை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

விழுந்ததுமே உயிர் போயிருக்கும் என்றுதான் தூக்கி வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் போர்ட் பிளேயரிலிருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்தாள்.

முதல் படத்தில் அப்பா முனியாண்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்ததில் குப்புறக் கிடந்தார். அதோடு தீர்ந்திருக்கக் கூடாதா, பாவி கேமரா! தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. தவழ்கிறார். வேரைப் பற்றிக்கொண்டு எழப் பார்க்கிறார். வெளிச்சம் போய்ப் படங்கள் கறுப்பு வெள்ளையாகிவிட்டன. அப்போதும் ஒரு கை மண்ணைப் பிறாண்டுகிறது. கடைசிப் படத்தில் ஒரு புள்ளிமான் அவரை மோந்து பார்த்துக்கொண்டு நின்றது. அவர் அசையவில்லை.

"என்னடி அது?"

அம்மா ஒச்சம்மா வந்து நின்றிருந்தாள். ஜெயராணி போனை அணைத்தாள்.

"அப்பா கட்டுன கேமராம்மா. அவரு விழுந்தது அதுல இருக்கு."

"எத்தனை படம்?"

எதிரில் ஏதாவது அசைந்தால்தான் அந்தக் கேமரா படம் எடுக்கும். இந்த வீட்டில் அது தெரியாதவர் கிடையாது. கோழி திருடும் மரநாயைக் கண்டுபிடிக்க இந்தக் கூண்டிலேயே ஒன்றைக் கட்டி வைத்து, வாய் ஓயாமல் பெருமையடித்தவர் முனியாண்டி.

"சொல்லுடி, எத்தனை?"

"ஒண்ணே ஒண்ணும்மா. விழுந்தது மட்டுந்தான்."

"ஆமா பாபி, ஒண்ணுதான்" என்று அண்ணியிடம் சொன்னார் ஜெகநாதன், தரையைப் பார்த்துக்கொண்டு.

ஒச்சம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "தண்ணிக்குத் தவிச்சுக் கெடந்திருப்பாரோன்னுதான் எனக்கு... சரி, வா. நேரமாகுது."

பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். அம்மா தலைமாட்டில் நின்று தண்ணீர் ஊற்றினாள். ஜெயராணி அப்பாவின் வலது கையை எடுத்தாள். நகக்கண் ஒவ்வொன்றிலும் மண் அடைத்திருந்தது. விரல்களை மடக்கப் பார்த்தாள், விறைத்துப்போய் மடங்கவில்லை. இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள்.

"விடு புள்ள, கையையும் கழுவணும்ல."

"நீ முகத்தக் கழுவும்மா. கைய நான் பாத்துக்கறேன்."

அம்மாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தன் நகத்தால் அந்த மண்ணைத் தோண்டி எடுக்கத் தொடங்கினாள்.