தொட்டதெல்லாம் சரி

“நுழைவுத் தேர்வு ரிசல்ட் தாள் வந்ததும் கடைசிக் கட்டத்த மொதல்ல பாக்காதீங்க சார்,” என்று பள்ளிச் சேர்க்கை அலுவலகத்துப் பெண் போன மாதமே சொல்லியிருந்தார்.

“அதுலதானேம்மா விஷயமே இருக்கு?”

“உங்க பொண்ணு எத்தன கேள்வி எழுதியிருக்கா, எத்தன சரின்னு பாத்துட்டு அப்புறம் அங்க வாங்க.”

தாள் வந்த சனிக்கிழமை மாலை மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் அதையெல்லாம் மறந்துபோனார். கண் நேராகக் கடைசிக் கட்டத்துக்குத்தான் போனது. கணக்கு தொண்ணூற்றொன்று. வாசிப்பு முப்பத்தொன்று.

“நூத்துக்கு முப்பத்தொண்ணா!”

“அது மார்க் இல்லங்க,” என்றாள் மனைவி. “எழுதுனவங்கள்ல நூத்துக்கு முப்பத்தொரு பேரத் தாண்டியிருக்கான்னு அர்த்தம்.”

“மிச்சப் பேரு இவளத் தாண்டிட்டாங்க. ரொம்ப நல்ல ஆறுதல்!”

இரண்டிலும் அறுபது இருந்தால்தான் அந்தப் பள்ளியில் இடம். மறுதேர்வு எழுத ஒரே ஒரு வாய்ப்பு உண்டு.

மனைவியின் விரல் வாசிப்பு வரிசையில் நகர்ந்து நின்றது. “இங்க பாருங்க. கேள்வி நாப்பது. எழுதுனது பதினாறு. சரி... பதினாறு.”

அவர் தாளைக் கிட்டே இழுத்துப் பார்த்தார். தொட்ட ஒன்றுகூடத் தப்பில்லை. மீதி இருபத்துநான்கு?

மகளைக் கூப்பிட்டார். “நேரம் பத்தலையாடா?”

“இருந்துச்சுப்பா.”

“அப்புறம் தூங்கிட்டியா?”

“பத்தி பத்தியா வந்துச்சுல்ல... எழுத்து ஒண்ணு மேல ஒண்ணு ஏறிடுச்சு. தல வலிச்சுது. கண்ண மூடிட்டு உக்காந்திருந்தேன்.”

“உனக்கா? கட வாசல்ல நின்னே கண் டெஸ்ட் பலகையோட கடைசி வரியப் படிக்கிறவளாச்சே நீ!”

வருகிற வாடிக்கையாளர்களுக்கெல்லாம் அவர் காட்டும் வித்தை அது. ‘ஊருக்கே கண்ணாடி மாட்டுறேன், என் வீட்டுல ஒருத்தருக்கும் வேண்டாம்’ என்று முடிப்பார்.

“அது தூரத்துல இருக்குப்பா,” என்றாள் மகள்.

அவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். கிட்டத்தில் பிடித்துப் படிக்கச் சொல்லி ஒருநாளும் அவளைச் சோதித்ததில்லை. பதினான்கு வருடத் தொழில்.

“எத்தன நாளாடி?” என்று கேட்டாள் மனைவி.

“போன வருஷத்துலேர்ந்து.”

“சொல்றதுக்கென்ன?”

“அப்பா எல்லார்கிட்டயும் அவ்வளவு பெருமையா சொல்றாரு... எப்படிம்மா சொல்றது?”

அவர் மகளின் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தார். “இப்பச் சொல்லு.”

அவள் தரையைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

“எனக்கும் ஒரு கண்ணாடி போட்டு விடுங்கப்பா.”