தாளிக்காத வீடு

சுப்பையன் கெட்டிக்காரன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எங்கள் சாப்பாட்டுக் கடையில் தண்ணீர் இறைக்கவும் மாவாட்டவும் அவனை வைத்திருந்தோம். தண்ணீர் இறைக்கப் போனால் வாளியைக் கிணற்றுக்குள் விடுவான். வாளியை எடுக்கப் போனால் கயிற்றையும் விடுவான். சாப்பாட்டில் மட்டும் ஒன்றையும் விடமாட்டான். "இவன எதுக்கு வச்சிருக்கோம்?" என்று நான் கேட்காத நாளில்லை. என் புருஷன் மாணிக்கவாசகம் அடுப்பிலிருந்து தலையைத் திருப்பாமலே, "இருந்துட்டுப் போறான் விடு" என்பார். அவருக்குத் தெரிந்த பதில் அது ஒன்றுதான்.

கடை மலாய் மண்ணில், காஜா பெராங் ரோட்டில், என் அப்பா வைத்தது. வீடும் அதுவேதான். நான் முன்னால் உட்காருவேன், என் புருஷன் பின்னால் சமைப்பார். ஜப்பான்காரன் வந்ததும் அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது. அந்தக் கிழங்கையும் மனுஷர்கள் கேட்டு வாங்கித் தின்றார்கள் என்றால் காரணம் அவருடைய தாளிப்புதான். சரக்குக் கப்பல் நின்றுபோய் ஊரில் கடுகையே கண்ணால் பார்க்க முடியாத காலம். அவர் மட்டும் ஒரு பிஸ்கட் டின்னில் கொஞ்சம் ஒளித்துவைத்திருந்தார். நான் என் தாலியைக்கூட அவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொண்டதில்லை.

பக்கத்துக் கடை நாகூர் மீரானுடையது. அண்ணன் என்பதற்கு அவர்கள் வழக்கப்படி அவரை 'நானா' என்பேன். ரொட்டிக் கடை. அவர் பாத்திரம் கழுவிவிடும் தண்ணீரெல்லாம் நேராக என் வாசலில் வந்து நிற்கும். அதைப் பற்றிப் பேசிப் பேசியே என் தொண்டை தேய்ந்துபோனது. தண்ணீர் அசையவில்லை. அவரிடமும் ஓர் ஆள் வேலைக்கு இருந்தான், அப்துல் ஹமீது என்று. அவனும் சுப்பையனுக்குச் சளைத்தவனில்லை.

அந்த வருஷம் பெரியம்மை வந்தது. பத்து பெரெண்டாம் கிராமத்துப் பக்கம் ஆரம்பித்து எங்கள் தெருவரைக்கும் வந்துவிட்டது. பின்னாலேயே ஒரு ஜப்பான் சுகாதார அதிகாரி வந்தான். கூட ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரஸ்ஸர் கருணாகரன். நல்ல பையன்தான். அவசர அவசரமாக ஜப்பான் பாஷை கற்றுக்கொண்டதால் வேலை நிலைத்தது, நிம்மதி போய்விட்டது. சாப்பாட்டுக் கடைகளையெல்லாம் மூடவேண்டும் என்று அவன் வாயால்தான் சொன்னார்கள்.

மூடச் சொன்னால் மூடலாம். நோய் வந்தால் மூடத்தானே வேண்டும். ஆனால் கூடவே இன்னோர் உத்தரவையும் சொன்னார்கள். மூடிய கடையில் கூலிக்கு வேலை செய்தவன் வேலையில்லாதவன். வேலையில்லாதவன் சயாமுக்குப் போய் ரயில் பாதை போடவேண்டும். வெள்ளிக்கிழமை ஆள் ஏற்ற லோரி வரும்.

எங்கள் தெருவிலிருந்து முன்பே சயாமுக்குப் போனவர்கள் உண்டு. திரும்பி வந்தவர்கள்தான் இல்லை. எதிர்வீட்டு அஞ்சலையின் அண்ணனும் தம்பியும் போனார்கள். ஒரு கடுதாசிகூட வரவில்லை.

அன்று சாயங்காலம் மீரான் நானா என் வாசலுக்கு வந்தார். தண்ணீரைத் தாண்டித்தான் வந்தார், ஆனால் அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

"தங்கச்சி, ஒங்க ஆள என்ன செய்யப்போறீங்க?"

"நீங்க என்ன செய்யப்போறீங்க நானா?"

"ஹமீது உம்மாட்ட நான் வாக்குக் குடுத்துக் கூட்டியாந்த புள்ள அவன். எனக்கு ஒன்னும் ஓடல."

"இவனுக்கு வாக்குக் குடுக்கக்கூட ஆளில்ல" என்றேன். சுப்பையன் மூலையில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்படிப் பார்த்தால் எரிச்சல் வராதா? வந்தது. அந்த எரிச்சலில்தான் எனக்கு யோசனையும் வந்தது.

அம்மை கண்ட வீட்டிலிருந்து ஆளை எடுக்கமாட்டார்கள். கிளேபாங் பக்கம் ஒதுக்கிவைத்த கொட்டகையில் இடமில்லை. நோயாளி இருந்த இடத்திலேயே கிடக்கவேண்டும், வீட்டில் உள்ளவர்களும் வெளியே போகக்கூடாது. வாசலில் வேப்பிலையைக் கண்டால் அந்த அதிகாரி படியேறக்கூட மாட்டான். அவனுக்கு உயிர்மேல் அவ்வளவு ஆசை.

"ரெண்டு பேருக்கும் இங்கயே அம்மா வந்துரட்டும்" என்றேன்.

நானா தாடியைத் தடவினார். "நாங்க அம்மா கும்புடுறவங்க இல்லியே தங்கச்சி."

"படுக்கிறதுக்கு என்ன நானா மதம்? கண்ண மூடிட்டுப் படுக்கச் சொல்லுங்க."

முதலில் மாரியம்மன் கோவிலுக்குப் போனேன். ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்து, "தாயே, பொய்தான் சொல்லப்போறேன். கோவிச்சுக்காத, வேற வழி இல்ல" என்று சொல்லிவிட்டு வந்தேன். மரவள்ளிக் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி, இரண்டு பேர் முகத்திலும் கையிலும் சொட்டுச் சொட்டாக வைத்துக் காயவிட்டேன். முத்து முத்தாக எழும்பி நின்றது. மேலே வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினேன். வாழையிலையில் படுக்கவைத்து, வாசலில் வேப்பிலைக் கொத்தைக் கட்டினேன். எனக்கே பார்க்கப் பயமாக இருந்தது.

அதிகாரியை ஏமாற்றுவது பெரிய காரியமில்லை. தெருவை ஏமாற்றுவதுதான் கஷ்டம். எங்கள் தமிழ் ஜனங்கள் ஒரு பக்கம், பக்கத்துக் குடியிருப்பான சிட்டிக் கம்பத்துப் பெண்கள் ஒரு பக்கம். தலைமுறை தலைமுறையாக இங்கேயே ஊறிய அந்தப் பெண்களுக்குத் தமிழ் வராது, மலாயில்தான் பேசுவார்கள். ஆனால் அம்மன் விஷயத்தில் எங்களைவிடக் கெடுபிடி. "கசியான்" என்று பரிதாபப்பட்டுக்கொண்டே இளநீரையும் மோரையும் வாசலில் வைத்துவிட்டு, அடுப்படிப் பக்கம் மூக்கை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். ஆகவே ஒரு வழக்கமும் தவறக்கூடாது என்று உத்தரவு போட்டேன். தலை சீவக்கூடாது. யாரையும் 'போ' என்று சொல்லக்கூடாது. வறுக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, தாளிக்கவே கூடாது. அம்மா இருக்கும் வீட்டில் எண்ணெய் காய்ந்து கடுகு வெடித்தால் அவளுக்கு ஆகாது. இது எங்கள் ஜனத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

அம்மை கண்டவர்களை அம்மாவாகவே நினைத்துப் பேசவேண்டும். இதை சுப்பையன் நன்றாகப் புரிந்துகொண்டான்.

"அம்மாவுக்கு என்ன வேணும்?" என்று வாசலில் இருந்து யாராவது பணிவாகக் கேட்பார்கள்.

"எளநி" என்பான். குடித்துவிட்டு, "இன்னொன்னு" என்பான்.

ஆள் பார்க்கும்போதெல்லாம் நான் அவன் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டியிருந்தது. வாளியைக் கிணற்றில் விட்டவனுடைய கால். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

என் புருஷன்தான் பாவம், வாடிப்போனார். காலையில் கஞ்சி, மத்தியானம் மோர், ராத்திரி மறுபடியும் கஞ்சி. பிஸ்கட் டின்னை எடுத்துத் திறந்து, மோந்து பார்த்துவிட்டு மூடிவைப்பார்.

"நாக்கு செத்துப்போச்சு சந்திரமதி" என்றார்.

"ஆளு சாவுறதுக்கு நாக்கு சாவட்டும். லோரி போனதும் டின்னோட கொட்டித் தாளிச்சுக்குங்க."

"லோரி போனதும்" என்று அவரும் குழந்தை மாதிரி ஒருமுறை சொல்லிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை லோரி வந்தது. வந்த வேகத்தில் எங்கள் கடையைத் தாண்டிப் போய்விட்டது. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். குருபோங் பக்கம் போய் ஆள் ஏற்றிக்கொண்டு இதே வழியாகத்தான் திரும்பும் என்று எனக்குத் தெரியும். பின்கட்டில் இருந்த என் புருஷன் லோரிச் சத்தம் வந்ததையும் தேய்ந்து மறைந்ததையும் மட்டும்தான் கேட்டிருக்கிறார். ஓடிப்போய் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

லோரி திரும்பி வந்து எங்கள் வாசலில் நின்றது. அதிகாரி இறங்கி, மீரான் நானாவின் தண்ணீருக்கு அந்தப் பக்கமே நின்றான், மூக்கில் கைக்குட்டை. கருணாகரன் மட்டும் படிவரைக்கும் வந்து எட்டிப் பார்த்தான். சுப்பையன் முனகினான். நன்றாகவே முனகினான். ஹமீது கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தான். கருணாகரன் தலையாட்டிவிட்டுத் திரும்பினான்.

அப்போது பின்கட்டில் கடுகு வெடித்தது.

காய்ந்த மிளகாயும் பெருங்காயமும் கறிவேப்பிலையுமாக அந்த வாசனை வீட்டைக் கடந்து தெருவுக்குப் போயிற்று. அதிகாரி கைக்குட்டையை எடுத்துவிட்டு நன்றாக மோந்து பார்த்தான். பிறகு ஏதோ கேட்டான். கருணாகரன் முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, மூடுன கடையில யாரு சமைக்கிறதுன்னு கேக்குறான்" என்று என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னான். "லோரியில காவலுக்கு நிக்கிறவன் நம்ம ஆளு. அவனும் மோந்துட்டான். அம்மா இருக்கிற வீட்டுல வீட்டு ஆளு எவனும் தாளிக்கமாட்டான்னு அவனுக்குத் தெரியும். ஒன்னு, இங்க அம்மா இல்ல. இல்லாட்டி, தாளிக்கிறவன் இந்த வீட்டு ஆளு இல்ல. எதச் சொல்லட்டும்? சீக்கிரம் சொல்லுங்க."

நான் வாயைத் திறக்குமுன் என் புருஷனே வந்துவிட்டார். கையில் கரண்டி. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். படுத்திருந்த இரண்டு பேரையும் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"நான் இந்த வீட்டு ஆளு இல்லீங்க" என்று கருணாகரனிடம் சொன்னார். "வேலவெட்டி இல்லாம சுத்துறவன். பசி தாங்கல. கொல்லப்பக்கமா பூந்துட்டேன்."

அதிகாரி என்னைப் பார்த்தான். லோரியிலிருந்த காவல்காரனும் என்னைத்தான் பார்த்தான். கருணாகரன் எல்லோருக்கும் கேட்கும்படி, "இந்த ஆளத் தெரியுமா?" என்றான்.

முந்தானையை இழுத்துத் தாலியை மூடினேன். கல்யாணமான நாளிலிருந்து நான் அவரை ஏசாத நாளில்லை. ஆனால் எவ்வளவு கோபத்திலும் 'ங்க' போடாமல் பேசியதில்லை.

"யார்ரா நீ?" என்றேன். "அம்மா படுத்திருக்கிற வீட்டுல பூந்து தாளிக்கிறியே, நீயெல்லாம் மனுசனாடா? வயித்துப் பசிக்கு எங்கயாவது போய் மண்ணத் தின்னு. கொண்டுபோங்க இவன. என் கண்ணுல காட்டாதீங்க."

குரல் நன்றாகவே வந்தது. பழகின குரல்தானே. அதிகாரிக்கு அதைப் பெயர்த்துச் சொல்லவேண்டிய அவசியமே இருக்கவில்லை. காவல்காரன் இறங்கிவந்து அவர் தோளைப் பிடித்தான்.

அவர் கரண்டியை வாசற்படியில் வைத்தார். யாரோ ஒரு கடைக்காரியிடம் சொல்வதுபோல என்னிடம் சொன்னார்: "ரசத்த எறக்கி வச்சிரும்மா. கொதிச்சா கெட்டுப்போயிரும்."

லோரி போய்விட்டது. இந்தத் தடவை உண்மையாகவே போய்விட்டது.

மீரான் நானா தன் கடை வாசலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு விளக்குமாற்றை எடுத்துவந்து, என் வாசலில் நின்ற தண்ணீரைத் தள்ளித் தள்ளிச் சாக்கடையில் விட்டார். கூட்டிக்கொண்டே இருந்தார், தரை காய்ந்த பிறகும்.

நான் பின்கட்டுக்குப் போனேன். ரசம் கொதித்துப் பொங்கி அடுப்பையே அணைத்திருந்தது. பிஸ்கட் டின் காலியாகக் கிடந்தது. நான் சொன்னபடியே டின்னோடு கொட்டியிருக்கிறார்.

முன்கட்டில் சுப்பையன் எழுந்து உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, நான் ஓடிப்போய் வேலையில்லாதவன் நாந்தான்னு சொல்லிடறேன் அக்கா. அண்ணன விட்டுருவாங்க."

"படு."

"அக்கா..."

"படுறா. ஒன்னோட ஹமீதையும் இழுத்துட்டுப் போவானுங்க. அவரு போனதுக்கு அர்த்தமே இல்லாமப் போயிரும்."

படுத்தான். படுத்து, ஒரு பெரிய ஆம்பிளை எப்படி அழக்கூடாதோ அப்படி அழுதான். மஞ்சள் கரைந்து காதுப்பக்கம் வழிந்தது. கஞ்சி முத்துக்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன.

"அழுவாத" என்றேன். "மஞ்சள் கலைஞ்சிரும். நாளைக்கும் பாக்க வருவானுங்க."

அவன் நிறுத்தவில்லை. நான் அம்மி முன்னால் உட்கார்ந்து மறுபடியும் மஞ்சள் அரைத்தேன்.

யுத்தம் முடிந்து கடையைத் திறந்தேன். சயாமிலிருந்து ஒன்றிரண்டு பேர் வந்தார்கள். அவர் வரவில்லை. சுப்பையன் இங்கேதான் இருக்கிறான், இன்னும் வாளியைக் கிணற்றில் விட்டுக்கொண்டு. இவனையெல்லாம் எதற்கு வைத்திருக்கிறாய் என்று சாப்பிட வருகிறவர்கள் கேட்கிறார்கள். இருந்துட்டுப் போறான் விடுங்க என்கிறேன். எனக்கும் வேறு பதில் தெரியவில்லை.