ஐந்து மெஷினிலும் கரகரப்பு

“அக்கா, இது துப்பாக்கிச் சத்தமா, இல்ல எதிர்க் கடையில வடை பொரிக்கிற சத்தமா?”

மூன்றாம் மெஷினில் உட்கார்ந்திருந்த மதுரன் ஹெட்செட்டைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு கேட்டான். பூரணி கல்லாவில் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து கடைக்கு வந்த எல்லோரும் இதையேதான் கேட்டார்கள். ஒருவன் எண்ணெயில் கடுகு வெடிப்பது போல என்றான். இன்னொருவன் தகரக் கூரையில் மழை என்றான். மதுரன் வடைக்கு வந்துவிட்டான். நாளைக்கு யாராவது சாம்பாருக்கும் வருவார்கள்.

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறம், ஒரு சலூனுக்கு மேல் மாடியில் இருந்தது பூரணியின் கேம் கடை. கொழும்பில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு, இனி யாரிடமும் கை கட்டி நிற்பதில்லை என்று ஊருக்குத் திரும்பி அவள் தொடங்கிய கடை. ஐந்து கம்ப்யூட்டர், ஐந்து ஹெட்செட், கல்லாவில் ஒரு லேப்டாப். சரஸ்வதி பூஜையன்று பூசை மட்டும் போட்டுவிட்டு ஒரு நாள் கடையைப் பூட்டியிருந்தார்கள். மறுநாள் திறந்ததிலிருந்து ஐந்து மெஷினும் ஒரே மாதிரி கரகரத்தன. குண்டு வெடித்தால் காதுக்குள் தகரம் கிழிந்தது. எதிரி நடந்தால் எந்தப் பக்கம் நடக்கிறான் என்றே தெரியவில்லை.

வேறொரு வாரமாக இருந்தால் அவள் இவ்வளவு பதறியிருக்க மாட்டாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் அணிக்கும் தலவாக்கலை அணிக்கும் அந்தத் துப்பாக்கி விளையாட்டில் இறுதிப் போட்டி. இதுவரை கண்டிக்குப் போய்த்தான் விளையாடினார்கள். இந்த முறை ஹட்டனில் நடக்கட்டும் என்று போட்டி அமைப்பாளர் றொக்சனிடம் பூரணி மாதக் கணக்கில் பேசிச் சம்மதிக்க வைத்திருந்தாள். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

“சனிக்கிழமை காலைல நானே வருவேன் தங்கச்சி. அஞ்சு மெஷின்லயும் ஒக்காந்து கேப்பேன். ஒண்ணு கரகரன்னாலும் மேட்ச் தலவாக்கலைக்குப் போயிரும். பெறகு என்னையத் திட்டாதீங்க.”

தலவாக்கலைக் கேம் கடையில் சுழலும் நாற்காலி இருந்தது. போட்டியும் அங்கே போய்விட்டால், ஹட்டன் பையன்களும் பஸ் ஏறி அங்கேயே போய்விடுவார்கள். அப்புறம் அவளும் கொழும்பு பஸ் ஏற வேண்டியதுதான்.

பூரணிக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரே சந்தேகம். பூஜையன்று கடை பூட்டியிருந்தபோது ஐந்து மெஷினும் விளையாட்டின் புது அப்டேட்டை இறக்கியிருந்தன. கரகரப்பு அதற்கு மறுநாள்தான் தொடங்கியது. வேறு என்ன சாட்சி வேண்டும்? சவுண்ட் டிரைவரை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டாள். கரகரத்தது. விளையாட்டுக்குள் போய்ச் சுற்றொலியை நிறுத்தினாள். கரகரத்தது. சத்தத்தின் தரத்தை ஒரு படி இறக்கினாள், இரண்டு படி ஏற்றினாள். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிற வசதியை எல்லாம் அணைத்தாள். ஏறினாலும் கரகர, இறங்கினாலும் கரகர. கண்டியில் தெரிந்த டெக்னீஷியனுக்குப் போன் போட்டாள். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “டிரைவரப் போட்டுப் பாருங்களேன்” என்றார். பூரணி நன்றி சொல்லிப் போனை வைத்தாள்.

ஹெட்செட்டுகளையும் அவள் விட்டுவைக்கவில்லை. ஒவ்வொன்றாக லேப்டாப்பில் செருகிப் பார்த்தாள். கண்ணாடி மாதிரி சுத்தமான சத்தம். பிளக்குகளில் மட்டும் மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது. மிக்ஸர் தின்ற கையோடு தொடுகிறார்கள், எருமைகள் என்று திட்டிக்கொண்டே அதை நகத்தால் சுரண்டிப் போட்டாள்.

“அக்கா, ஒண்ணு கேக்கவா? கோவிச்சுக்கக் கூடாது” என்றான் மதுரன். ஹட்டன் அணிக்கு அவன்தான் கேப்டன். பகலில் ஒரு போன் கடையில் வேலை.

“கேளு. கோவிச்சுக்குவேன்.”

“அப்டேட்டுதான் காரணம்னா, லேப்டாப்லயும் அதே அப்டேட்டுதானே எறங்கிச்சு? அது மட்டும் ஏன் நல்லா இருக்கு?”

பூரணிக்குக் கோபம்தான் வந்தது. “நீ போய் உன் போன் கடையப் பாருடா” என்றாள்.

மெஷினுக்குப் பின்புறம் இன்னொரு ஹெட்செட் துளை உண்டு. அதில் செருகிப் பார்த்திருக்கலாம். ஆனால் பின்புறம் போக வழியில்லை. ஈரத்துக்கும் எலிக்கும் பயந்து, அவளுடைய அப்பா சிவசாமி தேயிலைத் தோட்டத்துத் தச்சரை வைத்து நீளமாக ஒரு மரப்பெட்டி அடித்து, ஐந்து மெஷினையும் அதற்குள் இறக்கிச் சுவரோடு சேர்த்து ஆணி அறைந்திருந்தார். மெஷின்களின் முன் முகம் மட்டும்தான் வெளியே தெரியும். “யானை வந்து தள்ளுனாலும் அசையாதும்மா” என்று அன்றைக்கு அவர் பெட்டியைத் தட்டிக் காட்டியதை நினைத்தால் பூரணிக்கு இப்போது பற்றிக்கொண்டு வந்தது.

சிவசாமி தோட்டத்தில் தேயிலை ஸ்டோர் என்கிற ஃபாக்டரியில் கொழுந்து அரைக்கும் ரோலர் மெஷினில் வேலை செய்பவர். வேலை முடிந்ததும் தினமும் கடைக்கு ஒரு நடை வந்துவிடுவார்.

“என்னம்மா, இன்னும் கத்துதா?”

“கத்தலப்பா. கரகரங்குது.”

“ரோலரும் இப்படித்தான் கரகரங்கும். கொஞ்சம் எண்ணெ விட்டா பொட்டிப் பாம்பா அடங்கிரும்.”

“அப்பா, அதுல ஒரு சொட்டு எண்ணெ விட்டீங்கன்னா, நான் அப்படியே கொழும்புக்குக் கெளம்பிருவேன்.”

“சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அதுக்கு ஏன் இப்படிப் பாக்குற?” அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். “ஞாயித்துக்கெழமைக்கு நம்ம லயத்துல வீடு வீடா எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். தோட்டத்துப் பெரிய கணக்கப்பிள்ளைகிட்டயும் சொல்லிட்டேன். எம்மக கடையில மேட்ச்சுன்னு.”

“யாரப்பா உங்களச் சொல்லச் சொன்னது?”

“ஏன், மேட்ச் நடக்காதா?”

பூரணி திரும்பி மூன்றாம் மெஷினின் பிளக்கை மறுபடி செருகினாள்.

வெள்ளிக்கிழமை அவள் கடைசி ஆயுதத்தை எடுத்தாள். மூன்றாம் மெஷினில் இருந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸையே புதிதாகப் போட்டாள். பாதி நாள் அதற்கே போனது. எல்லாம் முடிந்து, புத்தம் புதிய மெஷினில் முதல் சத்தமாக வந்ததும் அதே வடை பொரிகிற சத்தம்தான். பூரணி கீபோர்டின் மேல் அப்படியே தலையைச் சாய்த்தாள். திரையில் ஏதோ ஓர் எழுத்து வரிவரியாக ஓடிக்கொண்டிருந்தது. ஓடட்டும் என்று விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை காலை பனிமூட்டத்தில் தோட்டத்து பஸ் ஊர்ந்துதான் வந்தது. அவள் இறங்கி ஓடி வரும்போது றொக்சன் கையில் குடையோடு மாடிப்படியின் அடியில் நின்றிருந்தார்.

“அவசரமில்ல தங்கச்சி, இப்பதான் வந்தேன். மேல கடை தெறந்துதான் இருக்கு. கற்பூர வாசம் வருது.”

பூரணி நிமிர்ந்து பார்த்தாள். மேலேயிருந்து ஊதுவத்திப் புகையும் வந்துகொண்டிருந்தது. மாற்றுச் சாவி அப்பாவிடம் இருந்தது அப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது.

மேலே சிவசாமி வெள்ளை வேட்டியில், நெற்றி நிறைய விபூதியோடு, கையில் தாம்பாளத்தோடு நின்றிருந்தார். ஹெட்செட்டுகளை எல்லாம் கழற்றி, திரைகளுக்கு முன்னால் வரிசையாகப் படுக்க வைத்திருந்தார். ஆளுக்கொரு சாமந்திப்பூ.

“வாங்கய்யா, வாங்க. நல்ல காரியத்துக்கு வர்றீங்க. அதான் மொதல் பஸ்ஸுல வந்து சின்னதா ஒரு பூசையப் போட்டுட்டேன்.”

றொக்சன் சிரித்துக்கொண்டே முதல் மெஷினில் உட்கார்ந்தார். ஹெட்செட்டை மாட்டினார், பார்க்காமலே தடவிப் பிளக்கைச் செருகினார், ஆட்டத்தைத் தொடங்கினார். அடுத்த நொடியே முகத்தைச் சுளித்துக்கொண்டு பிளக்கை வெளியே இழுத்தார். அதன் நுனியில் மஞ்சளாகச் சந்தனம் வழிந்தது. நடுவில் ஒரு துளி சிவப்பு.

“என்ன தங்கச்சி இது,” என்றார் அதைத் தூக்கிக் காட்டி, “ஹெட்செட்டுக்கும் பொட்டு வச்சு பூ வச்சு வளைகாப்பா?”

பூரணி குனிந்து மெஷினைப் பார்த்தாள். ஹெட்செட் துளையைச் சுற்றிச் சந்தனம் அப்பியிருந்தது. பிளக் போன வழியைத் தவிர, அது அழகான ஒரு சந்தனப் பொட்டு. பக்கத்து மெஷினில் துளையே தெரியவில்லை, முழுப் பொட்டு. அதற்கடுத்ததிலும். மிக்ஸர் என்று நினைத்து அவள் சுரண்டிப் போட்ட மஞ்சள், சாட்சியாக இப்போது கண்ணெதிரே நின்றது. அவள் திரும்பி லேப்டாப்பைப் பார்த்தாள். அதன் பொட்டு மூடியின் விளிம்பில் இருந்தது.

“அப்பா.” குரலை உயர்த்தாமல் இருக்க அவள் பெரும்பாடு பட்டாள். “சரஸ்வதி பூசைக்கும் இந்த ஓட்டையிலதான் வச்சீங்களா?”

“ஆமா. அஞ்சுலயும் நெறைவா வச்சேன். பின்ன, சும்மா தகரத்து மேலயா வைப்பாங்க?” சிவசாமிக்குக் கேள்வியே விளங்கவில்லை. “நம்ம பழனியாண்டிக்கு ரோலர்ல வெரலு போனதுலேருந்து, ஸ்டோருல எந்த மெஷின்னாலும் கை போற எடத்துலதான் பொட்டு. வைக்கிறது நாந்தான். உள்ள போற கை பத்திரமா இருக்கணும்னு. இங்க பசங்க கை மொதல்ல போறது இந்த ஓட்டைக்குத்தானே? லேப்டாப்புன்னா மூடியத் தொறக்கிற எடம்.”

பூஜைக்கு மறுநாள் காலை, பொட்டு வைத்த மெஷினோடு கடை திறக்க வேண்டாமே என்று ஈரத்துணியால் ஐந்தின் முகத்தையும் அழுத்தித் துடைத்தது பூரணியேதான். வெளியே இருந்த கொஞ்சத்தையும் உள்ளே தள்ளி, ஒரு வாரம் காயவும் விட்டிருக்கிறாள். அதன் மேல் விண்டோஸைப் புதிதாகப் போட்டிருக்கிறாள்.

சிவசாமி மகளின் முகத்தையும் பிளக்கையும் மாறி மாறிப் பார்த்தார். தாம்பாளம் மெதுவாகக் கீழே இறங்கியது. “அதுக்குள்ள போனா கெட்டுப் போகுமாம்மா?”

றொக்சன்தான் பேசினார். “விடுங்கய்யா. எங்க வீட்ட மந்திரிக்க ஃபாதர் வந்தாரு. எல்லாத்துக்கும் தீர்த்தம் தெளிச்சாரு, டீவிக்குக் கொஞ்சம் கூடவே தெளிச்சாரு. அன்னைக்கே அது மோட்சத்துக்குப் போயிருச்சு.” அவர் எழுந்து குடையை எடுத்தார். “ஆனா தங்கச்சி, பேச்சு பேச்சுதான். நான் கீழ முடி வெட்டிக்கிட்டு வர்றேன். வர்றதுக்குள்ள அஞ்சும் பேசணும்.”

பூரணி மதுரனுக்குப் போன் போட்டாள். அவன் மருந்துக் கடையில் ஸ்பிரிட்டும் பஞ்சும் வாங்கிக்கொண்டு ஓடி வந்தான். மெஷின்களை அணைத்து, ஈர்க்குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் தோய்த்துத் துளைக்குள் விட்டுச் சுழற்றினார்கள். மஞ்சள் மஞ்சளாக வந்தது. பூரணி ஒன்றை முடித்து, கொஞ்சம் காயவிட்டு, பிளக்கைச் செருகினாள். ஆட்டத்தில் யாரோ சரளைக் கல்லில் நடந்தான். ஒவ்வொரு கல்லும் கேட்டது. ஒரு வாரமாக அவள் மறந்தே போயிருந்த சத்தம்.

இரண்டாவதும் பேசியது. மூன்றாவதும், நான்காவதும்.

ஐந்தாவதில் மதுரன் குச்சியைச் சுழற்றிக்கொண்டிருந்தான். ‘டக்’ என்றது.

“என்னடா?”

“ஒண்ணுமில்லக்கா.”

“மதுரன்.”

“குச்சி முறிஞ்சு உள்ள போயிருச்சுக்கா.”

பூரணி அவனை அடிக்கவில்லை. அடிக்க நேரமில்லை. கீழே சலூன்காரர் றொக்சனிடம், பின்பக்கம் இன்னும் கொஞ்சம் குறைக்கவா என்று கேட்பது காதில் விழுந்தது. இனி பின்புறத் துளைதான் வழி. அவள் மரப்பெட்டியைப் பிடித்து இழுத்தாள். மதுரனும் இழுத்தான். பெட்டி அசையவில்லை.

“யானை வந்தாலும் அசையாதுன்னு சொன்னீங்களேப்பா,” என்றாள் மூச்சு வாங்க, “நல்லா இருங்க.”

சிவசாமி கீழே போனார். பக்கத்து ஹார்ட்வெயார் கடையில் ஒரு கடப்பாரையை இரவல் வாங்கிக்கொண்டு மேலே வந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். தான் பார்த்துப் பார்த்து அடிக்கச் சொன்ன பக்கப் பலகைக்குள் கடப்பாரை நுனியைக் கொடுத்து ஒரே நெம்பு. கட்டிடமே அதிர்கிற மாதிரி பலகை பிளந்தது. அந்தச் சந்து வழியாகப் பூரணி கையை விட்டு, தடவித் தடவி, பின்புறத் துளையைக் கண்டுபிடித்துப் பிளக்கைச் செருகினாள்.

சத்தம் கேட்டு றொக்சன் படியேறி ஓடி வந்தார். கழுத்தில் சலூன் துணி. தலையில் ஒரு பக்கம் வெட்டியாயிற்று, மறு பக்கம் அப்படியே இருந்தது.

“யாருக்கு என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்லண்ணே. ஒக்காருங்க. கேளுங்க.”

அவர் அந்தத் துணியோடேயே உட்கார்ந்தார். முதல் மெஷினில் தலையசைத்தார். இரண்டாவதில், மூன்றாவதில், நான்காவதில் நகர்ந்து நகர்ந்து கேட்டார். பிளந்த பலகைக்குள்ளிருந்து வயர் வருகிற ஐந்தாவதில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். வெகுநேரம் மூடியிருந்தார். சிவசாமி கடப்பாரையைக் கீழே வைக்கவும் மறந்து நின்றார்.

“எடது பக்கம்,” என்றார் றொக்சன் கண்ணைத் திறக்காமல். “மரப்படியில ஏறுறான். பூட்ஸ் போட்டிருக்கான்.” பிறகு ஹெட்செட்டைக் கழற்றினார். “நாளைக்குக் காலைலயே பசங்கள வரச் சொல்லுங்க தங்கச்சி. தலவாக்கலைக்கு நான் சொல்லிக்கிறேன். இப்ப மிச்ச முடியப் போய் வெட்டிக்கிறேன்.”

அவர் போனதும் மதுரன் படியில் உட்கார்ந்து தலவாக்கலைக் கேப்டனைப் போனில் சீண்டத் தொடங்கினான். பூரணி பெஞ்சில் சாய்ந்தாள். சிரிப்பதற்கும் தெம்பில்லை.

சிவசாமி தாம்பாளத்தைத் துடைத்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார். “நாளைக்கு இம்புட்டு சனம் வருது. ஒரு பூசை போடாம எப்படிம்மா?”

பூரணி எழுந்தாள். அப்பாவின் கட்டைவிரலைப் பிடித்துச் சந்தனக் கிண்ணத்தில் தோய்த்தாள். அதை அப்படியே இழுத்துப் போய், மரப்பெட்டியின் மேல் பலகையில், மெஷின்களிலிருந்து எட்ட, சுவரோரமாக அழுத்தினாள்.

“இங்க. இங்க மட்டும்.”

அவர் அந்தப் பொட்டைத் திருப்தியில்லாமல் பார்த்தார். “அங்க யாரு கையும் போகாதே.”

“அதுக்குத்தான்பா.”