சொல்ல வந்த செய்தி

...தூண்டில் தக்கை ஒரு தடவை முங்கி எழுந்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள், முங்கியது, எழுந்தது, அவள் சொல்லவில்லை, இப்போது அது மறுபடியும் ஏரித் தண்ணீரில் சும்மா நிற்கிறது, அம்மா செத்துட்டாங்க, இரண்டே சொல், அதைச் சொல்லத்தானே பஸ் மாறி பஸ் மாறி இவ்வளவு தூரம் வந்தாள்? அக்காதான் போனில் பிடிவாதமாகச் சொன்னாள், நேர்ல போய்ச் சொல்லிட்டு வாடி, என்ன இருந்தாலும்... அதற்குமேல் அக்காவுக்கும் வாக்கியம் ஓடவில்லை. என்னதான் இருந்தது? பக்கத்து மடக்கு நாற்காலியில் இந்த மனிதர் இருக்கிறார், ரொட்டியைப் பிசைந்து உருட்டித் தூண்டில் முள்ளில் குத்துகிறார், லிப்ட் ரிப்பேர் பார்த்த கை, அவள் பால்பல் விழுந்து திரிந்த வயதில் ஒரு நாள் வேலைக்குப் போன கை, திரும்பி வரவில்லை. வேறொருத்தியோடு இருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. அந்த மகராசி என்றுதான் அம்மா அவளைச் சொல்வாள், கோபமில்லாமல், பக்கத்துவீட்டுக்காரியைச் சொல்வதுபோல. மகராசியும் போய்ச் சேர்ந்தாயிற்று. இவருக்கு இப்போது ஏரி மட்டும். பாப்பா, வலையைக் கொஞ்சம் எடு, என்கிறார். தலை நரைத்த பாப்பா. அவளும் வந்ததிலிருந்து அப்பா என்று கூப்பிடவில்லை, நீங்க, வாங்க, இந்தாங்க, இதை வைத்தே பொழுதை ஓட்டிவிடலாம் போலிருக்கிறது.

அழுகை ஏன் வரவில்லை? ஆஸ்பத்திரியிலும் வரவில்லை, எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து அம்மாவின் செருப்பை வாசலில் பார்த்தபோதும் வரவில்லை, மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்குப் போனாள், லென்ஸைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்தினாள், இப்போ தெளிவாத் தெரியுதா சார் என்று யாரையோ கேட்டாள், மரத்துப்போன காலில் எறும்பு ஊர்வதுபோல எல்லாம் எங்கோ தூரத்தில் நடந்தது... வந்துடுச்சு வந்துடுச்சு என்று கிழவர் எழுந்துவிட்டார், கம்பு வளைந்து நடுங்க, அவள் வலையை நீட்டினாள், பெரிய கெண்டை, துள்ளித் துள்ளி அவள் கையிலும் முகத்திலும் சேற்றுத் தண்ணீரை அடித்தது, குளிர்ந்திருந்தது, அவ்வளவுதான். அவர் முள்ளைப் பதமாகக் கழற்றி, மீனைத் தண்ணீருக்குள் வைத்துப் பிடித்திருந்து, அது வாலை அசைத்ததும் விட்டுவிட்டார்.

"விடுறதுக்கு எதுக்குப் பிடிக்கணும்?"

"பிடிச்சிருக்கு. அதான் பிடிக்கிறேன்."

சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். விட்டுப் போகிறவருக்கு இது ஒரு நல்ல பதில்தான், என்று நினைத்தாள், நினைத்ததில் காரம்கூட இல்லை. இப்போது சொல்லிவிடலாம். வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் கையைத் துண்டில் துடைத்தபடி, அவளைப் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்துக் கேட்டார்:

"அம்மா எப்படி இருக்கா?"

"நல்லா இருக்காங்க."

யார் சொன்னது அதை? தன் குரல்தான், பிசிறுகூட இல்லை. அவர் தலையாட்டினார்.

"காலையில எந்திரிச்சதும் அடுக்கடுக்காத் தும்முவாளே, இன்னும் இருக்கா அது?"

"இருக்கு. ஜன்னலைத் தொறந்தா போதும்."

"மாத்திரை போடச் சொன்னா கேக்க மாட்டா."

"இப்பவும் கேக்கறதில்ல."

அவர் மீது இரக்கப்பட்டா சொன்னாள்? இல்லை, இவருக்காக அவள் எதையும் மிச்சம் வைத்திருக்கவில்லை. வீட்டில், தெருவில், அக்காவிடம், எல்லோரிடமும் அம்மா இருந்தாள், இருந்தாள் என்றே பேச்சு, இந்த ஒரு மனிதரிடம் மட்டும்தான் அம்மா இன்னும் தும்முகிறாள், மாத்திரையை மறுக்கிறாள், விட்டுப் போனவரிடம் போய்... இவரிடமும் சொல்லிவிட்டால் பிறகு அம்மா எங்கே இருப்பாள்? அவர் அடுத்த உருண்டையை முள்ளில் குத்தித் தூண்டிலை வீசினார். தண்ணீர் மெல்ல அடங்கியது. இன்னும் ஏதாவது கேளுங்களேன், என்று அவர் முகத்தையே பார்த்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள்.