நூறாவது இரவு வரை

விமான நிலையத்தின் வருகைக் கதவு திறக்கும்போதெல்லாம் வசேமதா நுனிக்காலில் நின்று எட்டிப் பார்த்தாள். கால்வரை கறுப்பு உடை; சாவு வீட்டுக்காரி என்று யாருக்கும் தெரியும். முகம் மட்டும் கல்யாண வீட்டு முகமாக இருந்தது.

"அண்ணி, சிரிக்காதீங்க. எல்லாரும் பாக்குறாங்க," என்று இடித்தாள் நாத்தனார் உனைசி.

"நான் எங்கடி சிரிச்சேன்?"

"அப்புறம் வாய் ஏன் காது வரைக்கும் போகுது? செத்தது எங்கப்பா."

மாமனார் இசிகேலி நேற்றுக் காலை தேநீரைப் பாதி குடித்தபடி நாற்காலியிலேயே போய்விட்டார். வசேமதா ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே விரல்விட்டு நாள் எண்ணினாள். எண்ணி முடித்ததும் சந்தோஷம் பொங்கியது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருந்தது.

அவள் கணவன் இலாய்தியா, சொந்த நாட்டின் சுவா துறைமுகத்திலிருந்து போகும் மீன்பிடிக் கப்பலில் இன்ஜின் பார்ப்பவன். நிரந்தர விசாவுக்கு இரண்டு வருஷம், வருஷத்துக்கு நூற்று எண்பத்து நான்கு நாள் நியூசிலாந்து மண்ணில் இருக்க வேண்டும். முதல் வருஷம் தேறியது. இரண்டாவது வருஷம் அந்த மேதாவி, கப்பலில் நியூசிலாந்துக் கொடி பறப்பதால் கடலில் இருந்த நாளும் சேர்த்தி என்று நினைத்துவிட்டான். தேறியது எண்பத்து நான்கே நாள். நவம்பர் இருபதுக்குள் இன்னும் நூறு நாள் இருக்காவிட்டால், அப்புறம் வெளியே போகிறவன் பெண்டாட்டி பிள்ளைகளிடம் திரும்பி வர முடியாது.

"கடல் எவனுக்குடா விசா குடுத்துச்சு?" என்று இசிகேலி போனில் மகனைத் திட்டித் தீர்ப்பார்.

கேப்டனிடம் மூன்று முறை லீவு கேட்டாயிற்று. "காகிதத்துக்கெல்லாம் லீவா? போனா திரும்பி வராதே," என்பதே பதில். ஆனால் கேப்டனும் அவர்களைப் போலக் கடாவு தீவுக்காரர். அப்பா செத்தால் மகன் முடி வெட்டாமல் நூறு இரவு துக்கம் காப்பது அவர்கள் வழக்கம். கப்பல் கரையில் நின்ற சமயம்; நேற்றுச் செய்தி போனதும், "நூறு இரவு முடிச்சுட்டு வா. உன் இடம் அப்படியே இருக்கும்," என்று சொல்லிவிட்டார். இன்று ஆகஸ்ட் பன்னிரண்டு. இன்றோ நாளையோ இறங்கினால் போதும்.

கதவு திறந்தது. தோளில் ஒற்றைப் பையோடு இலாய்தியா வந்தான். வசேமதா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள்.

"பாஸ்போர்ட்ல முத்திரை வச்சாங்களா? தேதி சரியா இருக்கா?"

"அப்பா எங்க இருக்கார்னு சொல்லு முதல்ல," என்றான் அவன். அவள் கைகள் தளர்ந்தன.

மாங்கெரேயில் அவர்கள் வீடு நிறையச் சொந்தம். கூடத்தில் பாய்களின்மேல் பெட்டி. இலாய்தியா அதன் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதான். பிறகு தங்கையைப் பார்த்தான்.

"ஏன் இங்கயே புதைக்கிறீங்க? கடாவுல அம்மா பக்கத்துல இடம் விட்டு வச்சிருக்கோமே. எப்பவும் அதைத்தான பேசுவாரு."

"நாங்க என்ன பண்றது? மூணு வாரம் முன்னாடி திடீர்னு ஒரே பிடிவாதம். 'என்னை இங்கதான் போடணும். அங்க போட்டா அவன் நூறு ராத்திரியும் அங்கயே உக்காந்துடுவான்'னு கத்துனார். கிறுக்குன்னு நினைச்சோம்," என்றாள் உனைசி.

அடக்கத்துக்குச் சட்டை எடுக்க வசேமதா மாமனார் அறைக்குள் போனாள். இலாய்தியாவும் பின்னால் வந்தான். கதவுக்குப் பின்னால் சர்ச் கொடுத்த நாட்காட்டி தொங்கியது. ஆகஸ்ட் பதின்மூன்றின் கட்டத்தில் நடுங்கும் பென்சில் எழுத்தில் '1' என்று இருந்தது. பதினான்கில் '2'. அவன் தாளைப் புரட்டினான். செப்டம்பர் முழுக்க எண்கள். அக்டோபர் முழுக்க. நவம்பர் இருபதில் '100'. அந்த எண்ணை அழித்து அழித்து இரண்டு முறை எழுதியிருந்தார்.

வசேமதா எடுத்த சட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவன் மறுபடி ஆகஸ்டுக்கு வந்தான். பன்னிரண்டின் கட்டம் காலியாக இருந்தது.

"இன்னிக்கும் சேர்த்தியா?"

"இறங்குன நாளும் சேர்த்திதான்."

நூலில் கட்டித் தொங்கிய பென்சிலை அவன் எடுத்தான். முனை மழுங்கியிருந்தது. நகத்தால் கொஞ்சம் சீவிவிட்டு, காலிக் கட்டத்தில் ஒரு கோடு போட்டான்.