வெள்ளிக்கிழமைக் கஞ்சி

எங்கள் ஊர்ப் புது வருஷமான நவ்ரிஸ் அந்த வருஷம் வெள்ளிக்கிழமையில் விழுந்தது. தவக்காலத்து வெள்ளி.

வேறு கிழமையில் விழுந்தால் யாருக்கும் தொந்தரவு இல்லை. ஊரில் பெரிய கூடம் எங்கள் பள்ளியில்தான் இருக்கிறது. பெரிய அண்டாவும் அங்கேதான். அதனால் புது வருஷக் கஞ்சியை ஊரே பள்ளிக்கு வந்து குடிக்கும். சிலுவை போடுகிறவர்களும் வருவார்கள், தொழுகிறவர்களும் வருவார்கள், இரண்டும் செய்யாத டிராக்டர்காரர்களும் வருவார்கள்.

முந்தின நாள் மதியம் சமையலறையில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். தலைமை ஆசிரியை சிஸ்டர் பெனிக்னா, சமையல்கார குல்யாஷ் அக்கா, இரண்டாம் வகுப்பு ஆசிரியையான நான்.

"இறைச்சி வேண்டாம்," என்றார் சிஸ்டர். "வெள்ளிக்கிழமை சாப்பிடக் கூடாதுன்னு பிள்ளைங்களுக்கு ஒரு மாசமா சொல்லிக் குடுத்திருக்கோம். நாமே போட்டா எப்படி?"

"கஞ்சிக்கு ஏழு பொருள் வேணும் சிஸ்டர்," என்றாள் குல்யாஷ் அக்கா. "தண்ணி, உப்பு, கோதுமை, தினை, வெண்ணெய், புளிச்ச பால், இறைச்சி. ஒண்ணு குறைஞ்சா வருஷத்துல ஒண்ணு குறையும்."

"திராட்சை போடுங்களேன்."

"கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்குப் பதிலா அவன் தொப்பிய அனுப்பின மாதிரி இருக்கும்."

"ஆயர்கிட்ட கேட்டா அனுமதி குடுப்பாரே," என்றேன்.

"ஒரு கஞ்சிக்காக ஆயருக்குப் போன் பண்றதா, யாத்விகா?"

சிஸ்டர் ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்தார். பனிக்கட்டியின் மேல் என் அண்ணன் விக்டர் துளை போட்டு உட்கார்ந்திருந்தான். சிஸ்டர் முகம் தெளிந்தது.

"மீன்," என்றார். "மீன் இறைச்சியில்லையே."

குல்யாஷ் அக்கா என்னைப் பார்த்தாள். நான் அடுப்பைப் பார்த்தேன்.

சிஸ்டர் போலந்திலிருந்து வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. குல்யாஷ் அக்காவுக்கு அவர் இன்னும் விருந்தாளிதான். விருந்தாளி சொன்னதற்கு இல்லை என்று சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. சிஸ்டருக்கு இல்லை என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. மீன் முடிவாயிற்று.

சிஸ்டர் போனதும் குல்யாஷ் அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பால்ல மீன் போட்டா உடம்பெல்லாம் வெள்ளை விழும்."

"சொல்ல வேண்டியதுதானே?"

"நீ சொல்லியிருக்கலாம். உங்க சிஸ்டர்."

"உங்க கஞ்சி."

"இப்ப ரெண்டு பேரோடதும் இல்ல," என்றாள்.

அன்று சாயங்காலம் என் கணவர் டௌரென் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"அப்பா நாளைக்கு வர்றேன்னுட்டார்."

"எங்க?"

"பள்ளிக்கூடத்துக்கு."

நான் உட்கார்ந்தேன்.

என் மாமனார் பெயரை நான் இங்கே சொல்லவில்லை. மருமகள் மாமனார் பெயரை வாயால் சொல்வது எங்கள் ஊரில் முறையில்லை. சொல் என்று யாரும் வற்புறுத்தியதில்லை, சொல்லாதே என்றும் யாரும் கேட்டுக்கொண்டதில்லை. நானாகவே விட்டுவிட்டேன். மற்ற முறைகளையும் பார்த்தேன். அவரைக் கண்டால் குனிந்து வணங்குவேன். தேநீரைக் கோப்பையில் பாதிதான் ஊற்றுவேன். நிறைய ஊற்றினால் எழுந்து போ என்று அர்த்தம்.

அவர் என்னைத் திட்டியதில்லை. பேசியதும் இல்லை. வீட்டுக்கு வந்த மருமகளைக் கெலின் என்று கூப்பிடுவார்கள். எதிர்வீட்டு மருமகளை அவர் அப்படிக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறேன். என்னிடம் ஏதாவது வேண்டுமென்றால் என் மகளிடம் சொல்வார்.

"கமிலா, உங்கம்மாகிட்ட உப்பு கேளு."

அவர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் உப்பு எனக்கு முன்னால் இருக்கும். கமிலா கேட்பாள். நான் கமிலாவிடம் கொடுப்பேன். கமிலா அவரிடம் கொடுப்பாள். அவளுக்கு எட்டு வயது. உலகமே இப்படித்தான் சாப்பிடுகிறது என்று நினைத்திருந்தாள்.

பள்ளிக்கும் அவர் வந்ததில்லை. மகனைத்தான் சிலுவைக்காரர்கள் கொண்டுபோனார்கள், பேத்தியையுமா என்று சந்தையில் யாரிடமோ கேட்டதாகக் காதில் விழுந்தது. இப்போது கமிலா விழாவில் பழைய நவ்ரிஸ் பாட்டு ஒன்றைப் பாடுகிறாள். மூன்று நாள் அவர் வீட்டு வாசலில் நின்று பாடிக்காட்டியிருக்கிறாள்.

"கஞ்சியில மீன் போடறாங்க," என்றேன்.

டௌரென் ஒரு பூட்ஸைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"எதுல?"

"கஞ்சியில."

"நவ்ரிஸ் கஞ்சியிலயா?"

"ஆமா."

பூட்ஸைக் கீழே வைத்தார். "அப்பாகிட்ட சொல்லாத."

"குடிச்சா தெரியாதா?"

"குடிச்சப்புறம் தெரிஞ்சா பரவால்ல. உள்ள போயிருச்சுல்ல."

மறுநாள் வெயில் அடித்தது. கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டியது. பள்ளி வாசலில் சேறு, சேற்றின்மேல் பலகைகள். கூடத்தில் மாதா சிலைக்குப் பக்கத்தில் பிள்ளைகள் காகிதத்தில் வெட்டிய பூக்களை ஒட்டியிருந்தார்கள். அண்டா நடுவில் இருந்தது. மூடி இருந்தும் வாசனை தெரிந்தது.

"ஏரிக்கரை மாதிரி இருக்கு," என்றான் என் அண்ணன்.

"நீ பிடிச்ச மீன்தான். வாய மூடு," என்றேன்.

மாமனார் பலகையில் கால் வைத்து மெதுவாக வந்தார். நரித்தோல் தொப்பி, விழாவுக்குப் போடும் கறுப்புக் கோட்டு. கையில் வெள்ளைத் துணியில் கட்டிய பொட்டலம். அதைப் பார்த்ததும் என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது. குளிர்காலத்துக்கு அறுத்த குதிரையின் கடைசித் துண்டு. அதைக் கஞ்சியில் போட்டால்தான் பழைய வருஷம் புது வருஷத்தோடு சேரும். எல்லா வீடும் சொந்த அண்டாவில் போடும். அவர் அதை இங்கே கொண்டுவந்திருந்தார்.

நான் குனிந்து வணங்கினேன். அவர் என்னைத் தாண்டி சிஸ்டரிடம் போய்ப் பொட்டலத்தை நீட்டினார்.

"அண்டாவுல போடுங்க."

சிஸ்டர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டு அப்படியே நின்றார். துணியில் கொழுப்பு ஊறியிருந்தது. குல்யாஷ் அக்கா மூடியின்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

மறுத்தால் அவர் திரும்பிப் போவார். இனி எந்த வருஷமும் வரமாட்டார். போட்டால் எங்கள் பிள்ளைகள் யாரும் குடிக்கமாட்டார்கள், அவர் முன்னாலேயே கிண்ணத்தைத் தள்ளிவைப்பார்கள். மே மாதம் கோயிலில் முதல்முறையாக நன்மை அப்பம் வாங்கப்போகிற பிள்ளைகள். போலீஸ்காரர்களைவிடக் கறாரானவர்கள்.

அவர்களில் ஒருத்தி முன்னால் வந்தாள்.

"தாத்தா, இன்னிக்கு வெள்ளிக்கிழமை," என்றாள் கமிலா.

"ஆமா. அதுக்கென்ன?"

"இறைச்சி சாப்பிடக் கூடாது. இயேசு செத்துப்போன நாள்."

"எப்ப செத்தார்?"

"வெள்ளிக்கிழமை."

"போன வெள்ளியா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். கமிலா சிரிக்கவில்லை.

"ரொம்ப நாளைக்கு முன்னாடி. ஆனா மறக்கக் கூடாது."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் அவர் அப்பாவின் படம் மாட்டியிருக்கும் வீடு அவருடையது. வாரா வாரம் வியாழக்கிழமை செத்தவர்களுக்காக எண்ணெயில் அப்பம் சுடச் சொல்வார். பிள்ளைகள் கேட்டால் எல்லார் பெயரையும் சொல்வார், ஏழு தலைமுறை வரைக்கும்.

"மறக்கக் கூடாதுதான்," என்றார். பிறகு அண்டாவைப் பார்த்தார். மூக்கு ஒருமுறை அசைந்தது. "அப்ப இதுல என்ன இருக்கு?"

அவர் குல்யாஷ் அக்கா பக்கம் திரும்பினார்.

"குல்யாஷ்."

"மீன், அண்ணே."

"கஞ்சியிலயா?"

"ஆமா."

"பால் ஊத்தி?"

"ஆமா."

"யாரு சொன்னா?"

குல்யாஷ் அக்கா மூடியைப் பார்த்தாள். டௌரென் கூரையைப் பார்த்தார்.

"நான்தான் சொன்னேன்," என்றார் சிஸ்டர். "தப்புன்னு இப்பதான் தெரியுது. இவங்க யாரும் சொல்லல."

"சொல்லமாட்டாங்க. மரியாதைக்காரங்க." அவர் தொப்பியைக் கழற்றி பெஞ்சில் வைத்தார். "நீங்க குடிச்சீங்களா?"

"இன்னும் இல்ல."

"குடிங்க, பார்க்கலாம்."

சிஸ்டர் பொட்டலத்தை மேஜைமேல் வைத்தார். குல்யாஷ் அக்கா ஒரு கிண்ணம் நிறைய ஊற்றினாள். கொஞ்சம் பழிவாங்குகிற மாதிரிதான் ஊற்றினாள். நவ்ரிஸ் கஞ்சியை மிச்சம் வைக்கக் கூடாது. சிஸ்டருக்கு அது தெரியும். முதல் கரண்டியில் அவர் கண் மூடியது. நடுவில் ஒருமுறை நிறுத்தி மூச்சு விட்டார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்து, கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினார்.

"எப்படி?" என்றார் மாமனார்.

"தவக்காலத்துக்குப் பொருத்தமா இருக்கு."

அவர் தோள் குலுங்கியது. முதலில் இருமுகிறார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"எனக்கும் ஊத்து, குல்யாஷ். கமிலாவுக்கும் ஊத்து. விக்டர்னு ஒருத்தன் இருக்கானே, மீன் பிடிக்கிறவன், அவனுக்கு ரெண்டு கிண்ணம்."

எல்லாருக்கும் கிண்ணம் வந்த பிறகு அவர் இரு கைகளையும் விரித்து ஆசி சொன்னார். பால் பெருகட்டும், பகை ஒழியட்டும், அடுப்பு அணையாமல் இருக்கட்டும். முடிவில் பாதிப் பேர் முகத்தைத் தடவிக்கொண்டார்கள், பாதிப் பேர் சிலுவை போட்டார்கள். கமிலா இரண்டையும் செய்தாள்.

அவர் குடித்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. முள் வந்தபோதெல்லாம் விரலால் எடுத்து மேஜை ஓரத்தில் வரிசையாக வைத்தார். பக்கத்தில் இருந்த டௌரெனிடம், "குதிரை எவ்வளவோ மேல். எலும்பு கண்ணுக்குத் தெரியும்," என்றார்.

கமிலா பாடினாள். இரண்டாவது அடியை மறந்தாள். கூடத்தில் அந்தப் பாட்டு அவரைத் தவிர யாருக்கும் அவ்வளவு நன்றாகத் தெரியாது. உட்கார்ந்த இடத்திலிருந்தே அவர் அடியை எடுத்துக்கொடுத்தார். அவர் பாடி நான் கேட்டதில்லை.

யாருக்கும் உடம்பில் வெள்ளை விழவில்லை. அண்டா காலியாகவும் இல்லை. மிச்சத்தை விக்டரின் நாய் குடித்தது என்று பிறகு தெரிந்தது.

கூட்டம் கலையத் தொடங்கியபோது நான் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். வெள்ளைப் பொட்டலம் மேஜையிலேயே இருந்தது. மாமனார் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்தார். பொட்டலத்தை எடுத்தார். வீட்டுக்குக் கொண்டுபோகிறார் என்று நினைத்து ஒதுங்கி நின்றேன். கமிலா எங்கே என்று அவர் தேடினார். அவள் வெளியே, சேற்றில், மற்ற பிள்ளைகளோடு பலகைமேல் ஓடிக்கொண்டிருந்தாள். கூப்பிடு தூரம்தான்.

அவர் கூப்பிடவில்லை. என் கையிலிருந்த கிண்ணங்களை வாங்கி மேஜையில் வைத்தார். பொட்டலத்தை அந்தக் கையில் கொடுத்தார். கனமாக இருந்தது.

"கெலின், நாளைக்குச் சனிக்கிழமைதானே?"